சனிக்கிழமை ராத்திரி ஜெர்மன்காரரை எங்கே கூட்டிப் போவது?

ஒரகடம்_பஸ் | ஞாயிறு, காலை 8.10

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறேன். எங்கள் லைனுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருக்கிறார். இரண்டு வருஷ ஒப்பந்தம், வயது 34, தனி ஆள். கம்பெனி பெசன்ட் நகரில் வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறது. வந்து நாலு மாதம் ஆகிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் 'வீக் எண்ட் எப்படிப் போச்சு' என்று கேட்டால் அதே பதில்தான்: துணி துவைத்தேன், தூங்கினேன், அம்மாவோடு வீடியோவில் பேசினேன்.

பாவமாக இருந்தது. நேற்று ராத்திரி நானே கிளப்பிக்கொண்டு போனேன். ஒரு பெரிய ஹோட்டலின் பப். வாசலில் கறுப்புச் சட்டைத் தம்பி ஒருவர், 'சாரி சார், ஸ்டாக் என்ட்ரி இல்லை' என்றார். ஆண்கள் மட்டுமாக வந்தால் விட மாட்டார்களாம். சரி என்று திரும்பினால், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'அவர் வேணும்னா போகலாம் சார், ஃபாரினர்னா ஓகே' என்கிறார். சுருக்கென்றது. நான் கூட்டி வந்த விருந்தாளி உள்ளே போகலாம், தாம்பரத்தில் பிறந்து வளர்ந்த நான் போகக்கூடாது. அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். தோளைக் குலுக்கிவிட்டு 'டீ குடிக்கலாம்' என்றார். பதினொன்றரை வரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

கேள்வி இதுதான். இந்த ஊரில் வெளிநாட்டுக்காரர்கள் சனி, ஞாயிறை எப்படிக் கழிக்கிறார்கள்? அவர் பெரிய குடிகாரர் இல்லை. ஒரு பீரோடு நிறுத்திக்கொள்வார்.

---

கவுன்ட்டருக்குப்_பின்னால் | ஞாயிறு, காலை 9.35

ஒன்பது வருஷம் ஹோட்டல் பாரில் நின்றவன் சொல்கிறேன். அந்தத் தம்பியைத் திட்டாதீர்கள், மேலிடத்தில் சொன்னதைச் செய்கிறான். ஜோடியாக வந்தால்தான் என்ட்ரி என்பது சட்டம் இல்லை, அந்தந்த ஹோட்டல் போட்டுக்கொண்ட விதி. போன் செய்து 'கெஸ்ட் லிஸ்ட்'டில் பேர் கொடுத்தால் பாதி இடங்களில் வேலை முடிந்துவிடும். வெள்ளி, சனி மட்டும்தான் கெடுபிடி. புதன்கிழமை போனால் கதவைத் திறந்து வணக்கம் சொல்வார்கள்.

நம் ஊரில் ஏன் தெருவுக்குத் தெரு பப் இல்லை என்று ஒவ்வொரு வெளிநாட்டுக்காரரும் கேட்பார். சில்லறை விற்பனை முழுக்க 2003இலிருந்து டாஸ்மாக் கையில். கவுரவமாக உட்கார்ந்து குடிக்க வேண்டுமானால் ஸ்டார் ஹோட்டல், இல்லாவிட்டால் உறுப்பினராக உள்ள கிளப். அதனால் இங்கே பப் என்பது ஹோட்டலின் ஒரு மாடி. வாடகை, லைசென்ஸ், வரி எல்லாம் அந்த ஒரு பீரின் தலையில்தான் ஏறும். டாஸ்மாக் கடை பகல் 12 முதல் இரவு 10 வரை. காந்தி ஜெயந்தி, மே தினம், திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மிலாடி நபி, மகாவீர் ஜெயந்தி என்று மூடும் நாட்களும் உண்டு. அக்டோபர் 2 வருகிறது, இப்போதே சொல்லி வையுங்கள். போன வருஷம் ஒருவர் அன்றைக்குப் பிறந்தநாள் பார்ட்டி வைத்துவிட்டு எனக்கு போன் போட்டு அழுதார்.

வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். முதல் தடவை சிக்கினாலே 10,000 ரூபாய் வரை அபராதம், கோர்ட்டுக்கும் அலைய வேண்டும்.

இன்னொன்று. கொரியாக்காரர்கள் மேனேஜரோடு கூட்டமாக வருவார்கள், கூட்டமாகப் போவார்கள். ஜெர்மன்காரர்கள் தனியாக வந்து கவுன்ட்டரில் உட்கார்ந்து, பாட்டுச் சத்தம் கூடியதும் பில் கேட்பார்கள். நான் பார்த்தவரை அப்படி.

---

கண்ணகி_சிலை_எதிரில் | ஞாயிறு, காலை 10.02

எதுக்குக் குடி? மெரினா இருக்கிறது. தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி, பலூன் சுடும் துப்பாக்கி. ஐந்து பைசா என்ட்ரி கிடையாது, ஸ்டாக்கும் வரலாம், குதிரையும் வரலாம்.

---

நைட்_ஷிஃப்ட் | ஞாயிறு, காலை 10.20

ராத்திரி பத்துக்கு மேல் போலீஸ் விசில் அடித்துக் கிளப்பிவிடும், அதையும் சொல்லுங்கள் அண்ணா.

---

பழைய_மெட்ராஸ் | ஞாயிறு, மதியம் 12.45

'அவர் போகலாம், நீங்கள் போகக்கூடாது' என்பது இந்த ஊருக்குப் புதிது இல்லை. 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் சுதந்திரத்துக்குப் பிறகும் பல வருஷம் இந்தியர்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. நம் ஆட்களுக்கென்று 1873இல் காஸ்மாபாலிடன் கிளப் வந்தது. அன்றைய வெள்ளைக்காரரின் வீக் எண்ட் முழுக்க அந்த மதில்களுக்கு உள்ளேதான்: படகு, டென்னிஸ், டின்னர், நடனம். 2014இல் வேட்டி கட்டிக்கொண்டு போன உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை ஒரு கிளப் வாசலிலேயே நிறுத்தியது நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் வேட்டிக்குத் தடை போடக்கூடாது என்று சட்டமன்றம் சட்டமே போட்டது.

மதுவிலக்கும் சேர்ந்துகொண்டது. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கியது, 1948இல் மாகாணம் முழுக்கப் பரவியது, 1971இல் தளர்ந்தது, திரும்ப மூடியது, திரும்பத் திறந்தது. குடிப்பது என்றால் ஒளிந்து செய்யும் காரியம் என்று இரண்டு தலைமுறை பழகிவிட்டது. இருட்டான பார், சத்தமான பாட்டு, வாசலில் காவல். கட்டடம் மட்டும்தான் புதுசு.

---

திருவான்மியூர்_திண்ணை | ஞாயிறு, மாலை 4.15

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் ஆண்கள் என்று நினைக்கிறேன். இதே கேள்வியை ஒரு பெண்ணுக்காகக் கேட்டிருந்தால் பதில் வேறு.

நான் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லித்தருகிறேன். என்னிடம் படித்த பிரெஞ்சுப் பெண் ஒருத்தி கலாக்ஷேத்ரா காலனியில் தனியாக இருந்தாள். பப்புக்கு அவளை வாசலில் யாரும் நிறுத்தவில்லை, சந்தோஷமாக விட்டார்கள். திரும்பி வந்தால்தான் பிரச்சினை. வாட்ச்மேன் நோட்டில் நேரம் எழுதுவார். மறுநாள் அசோசியேஷன் செக்ரட்டரி, 'நேத்து வீட்டுக்கு வந்தது யாரும்மா' என்று விசாரிப்பார். பீச்சில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்துக்கு ஒரு செல்ஃபி. முதல் ஐந்து பேருக்குச் சிரித்தாள், ஆறாவது ஆளுக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியில் அவளுக்குக் கை கொடுத்தது விடியற்காலை. எலியட்ஸ் பீச்சில் காலையில் ஃப்ரிஸ்பி ஆடுவார்கள், அல்டிமேட் என்று பேர். ஆணும் பெண்ணும் ஒரே டீமில். அந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது, ஃபவுல் என்றால் ஆடுகிறவர்களே நின்று பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதனால் ஒரு வாரத்திலேயே எல்லோரோடும் சண்டை போட்டாகிவிட்டது, சண்டை போட்டதால் பழக்கமும் ஆகிவிட்டது. குப்பத்துப் பையன்கள், ஐடி பெண்கள், காலேஜ் பசங்கள், இவள். ஆட்டம் முடிந்ததும் மணலைத் தட்டிவிட்டு இட்லி, காபி. சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கே தூங்கப் போய்விடுவாள், காலையில் ஆட்டம் இருக்கிறதே.

அந்தப் பீச்சில் வெள்ளையாக நிற்கும் ஷ்மிட் நினைவுச் சின்னம் யாருக்காக என்று அவள்தான் என்னிடம் முதலில் கேட்டாள். 1930இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி. இருபது வருஷமாக அதன் நிழலில் உட்கார்ந்து சோளம் தின்றிருக்கிறேன், எனக்குத் தெரியாது.

---

முன்னாள்_ஸ்டுட்கார்ட் | ஞாயிறு, இரவு 9.50

நான் இந்தக் கதையை மறுபக்கத்திலிருந்து அனுபவித்தவன். மூன்று வருஷம் ஸ்டுட்கார்ட்டில் இருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானமே ஆபீசில் 'நல்ல வாரக்கடைசி' என்று கை குலுக்கிவிட்டு ஒவ்வொருவராக மறைந்துவிடுவார்கள். ஞாயிறு கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். சுவரில் ஆணி அடித்தால்கூடப் பக்கத்து வீட்டில் முகம் சுளிப்பார்கள். அந்த வட்டாரத்தில் 'கேர்வோக்கே' என்று ஒரு முறை உண்டு, மாடிப்படியைக் கூட்டுவது வாரம் ஒரு வீட்டின் பொறுப்பு. முறை வந்த வீட்டுக் கதவில் அட்டை தொங்கும். முதல் ஆறு மாதத்தில் என்னிடம் தானாக வந்து பேசிய ஒரே ஆள் எதிர்வீட்டுப் பாட்டி. நான் படி கூட்டவில்லை என்று சொல்லத்தான் வந்தார்.

அப்புறம் நான் என்ன செய்தேன்? தமிழ் ஆட்கள் நாலு பேரைப் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமை ஒருவர் வீட்டில் சாம்பார், ரம்மி, பழைய படம். மூன்று வருஷத்தில் ஜெர்மன்காரர் வீட்டுக்குள் போனது இரண்டே தடவை. அதனால் இங்கே கொரியாக்காரர்கள் தங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்று யாராவது குறை சொன்னால் நான் வாயைத் திறப்பதில்லை.

ஒரகடம் நண்பருக்கு ஒரு தகவல். அந்த ஊரில் 'ஷ்டாம்டிஷ்' என்று ஒன்று உண்டு. பார்களில் ஒரு மேஜை, ஒரே கூட்டத்துக்கு, வாராவாரம் ஒரே கிழமை. யாரும் யாரையும் அழைப்பதில்லை. வியாழன் ஏழு மணி என்றால் வியாழன் ஏழு மணி. வராதவனைப் பற்றிப் பேசுவார்கள், வந்தவனைக் கண்டுகொள்ள மாட்டார்கள். உங்கள் ஆளுக்கு இங்கே இல்லாதது பீர் இல்லை என்று நினைக்கிறேன். அந்த மேஜை. நீங்கள் புதுப்புது இடமாகத் தேடுகிறீர்கள், அவருக்கு வேண்டியது கிழமை.

---

கவுன்ட்டருக்குப்_பின்னால் | ஞாயிறு, இரவு 10.15

வராதவனைப் பற்றிப் பேசுவார்கள், வந்தவனைக் கண்டுகொள்ள மாட்டார்கள். எங்கள் ஊர் டீக்கடையும் அதேதான் சார்.

---

பாரிமுனை_சந்து | திங்கள், காலை 7.30

கிழமை, மேஜை எல்லாம் இருக்கட்டும், முதலில் வயிறு. ஒரு சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே கூட்டிப் போய் அத்தோ வாங்கிக் கொடுங்கள். அறுபதுகளில் பர்மாவிலிருந்து சொத்தையெல்லாம் விட்டுவிட்டுத் திரும்பிய நம் ஜனங்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு அது. பர்மா பஜார் கடைகள் 1969இல் வந்ததும் அவர்களுக்காகத்தான்.

தள்ளுவண்டிக்காரர் நூடுல்ஸைக் கையால் அள்ளிக் கிண்ணத்தில் போடுவார். முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த் தூள், பூண்டு எண்ணெய். மேலே தட்டை மாதிரி ஒன்றை நொறுக்கிப் போட்டு ஒரே பிசை. பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டே இருக்கும், கேட்கக் கேட்க ஊற்றுவார். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் காரமும் அடைத்து நீட்டுவார். அதை ஒரே வாயில் போட வேண்டும். கடித்துக் கடித்துத் தின்றால் சட்டையில் வழியும்.

---

நைட்_ஷிஃப்ட் | திங்கள், பகல் 11.05

எல்லோரும் சேர்ந்து அந்த மனுஷனை ரிட்டயர் ஆக்கிவிடுவீர்கள் போலிருக்கிறது. விடியற்காலை, சுண்டல், சூப். அவருக்கு 34 வயது அண்ணா. ஆட வேண்டும், நாலு புது ஆட்களைப் பார்க்க வேண்டும், பெண்களோடு பேச வேண்டும் என்று தோன்றாதா? நாம் அதைக் கேட்கவே கூச்சப்படுகிறோம், அவர் சொல்லவும் கூச்சப்படுகிறார்.

சென்னையில் ஒன்றுமே இல்லை என்பது பாதி உண்மை. சல்சா ஆடும் கூட்டங்கள் இருக்கின்றன, பார்ட்னர் இல்லாமலே போகலாம், அங்கேயே ஜோடி சேர்த்துவிடுவார்கள். ஸ்டாண்ட் அப் காமெடி ஓப்பன் மைக் இருக்கிறது, இங்கிலீஷிலும் நடக்கும். நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ், மாக்ஸ் முல்லர் பவன் இரண்டிலும் படம், கச்சேரி, கண்காட்சி என்று ஏதாவது இருக்கும், அதற்குப் பிறகு வாசலில் நின்று பேசுவதுதான் உண்மையான நிகழ்ச்சி. மல்டிபிளெக்ஸில் தமிழ்ப் படத்துக்கே இங்கிலீஷ் சப்டைட்டில் போடுகிறார்கள். கோவளத்தில் மீனவ இளைஞர்கள் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

என் ஆபீஸில் வந்த வெளிநாட்டுக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் மாதம் ஒரு தடவை ஈசிஆரைப் பிடித்துப் புதுச்சேரி போய்விடுவார்கள். 150 கிலோமீட்டர். அங்கே தெருவில் நடந்துகொண்டே கடை கடையாக ஏறி இறங்கலாம். வரும்போது மட்டும் பாட்டில் எடுத்துக்கொண்டு வரக்கூடாது, செக்போஸ்ட்டில் பிடித்தால் வெளிநாட்டுக்காரர் என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள்.

மெட்ரோ ராத்திரி பதினொன்று வாக்கில் நின்றுவிடும். அதற்குப் பிறகு ஆட்டோதான், ரேட்டைக் கேட்டால் போதையே தெளிந்துவிடும்.

---

மாம்பலம்_மாமி | திங்கள், மாலை 6.40

குழந்தே, எல்லாரும் சொன்னதும் சரிதான். ஆனா அந்தப் பிள்ளையை ஒரு வேளையாவது உங்க வீட்டுக்குக் கூப்பிட்டேளா? நாலு மாசமாச்சுங்கறேள்.

கூப்பிடறதா இருந்தா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்கோ. ஏழு மணின்னு சொன்னா அவா ஏழு மணிக்கே வந்து நிப்பா. எங்காத்துல மாப்பிள்ளையோட ஃப்ரெண்ட், டச்சுக்காரர், வந்தப்போ மாமா அப்பத்தான் குளிக்கப் போயிருந்தார். துண்டோட வந்து கதவைத் திறந்தார். அந்தப் பையன் பூங்கொத்தை மாமா கையில கொடுத்துட்டான், மாமா ஒரு கையால துண்டைப் பிடிச்சுண்டு இன்னொரு கையால வாங்கிண்டார்.

டிசம்பர்ல சீசனுக்கும் கூட்டிண்டு போங்கோ. நேரா பெரிய வித்வான் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி மூணு மணி நேரம் கட்டிப்போடாதீங்கோ. மத்தியானக் கச்சேரி பல சபாவுல இலவசம், சின்னப் பசங்க பாடுவா, பிடிக்கலேன்னா எழுந்து கேன்டீனுக்குப் போயிடலாம். பாதிப் பேர் அதுக்குத்தான் வரா.

---

அமைதிப்_புறா | திங்கள், இரவு 8.00

இதையெல்லாம் அவரிடம் கேட்டீர்களா?

---

ஒரகடம்_பஸ் | அடுத்த ஞாயிறு, இரவு 10.30

முதலில் அத்தோ. வெள்ளிக்கிழமை போனோம். மூன்று முட்டை ஒரே வாயில், சட்டையில் ஒரு சொட்டு இல்லை. நான்காவது கேட்டபோது கடைக்காரர், 'தொரை, நாளைக்கு வேலைக்குப் போகணுமா' என்றார். மறுநாள் வயிறு கெட்டது எனக்கு.

அமைதிப்புறா சாருக்குப் பதில்: கேட்கவில்லை. உங்கள் பதிவைப் பார்த்தபிறகு கம்பெனி பஸ்ஸில் கேட்டேன். பேப்பரில் எழுதி வைத்திருந்த மாதிரிச் சொன்னார். 'நாலு மாசமா எல்லாரும் நான் சனிக்கிழமை என்ன செய்தேன்னு கேக்கறீங்க. நீங்க என்ன செய்யறீங்கன்னு யாரும் சொன்னதில்ல.'

நான் என்ன செய்கிறேன்? வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மேல் எங்கள் அப்பார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு கேரம் ஆடுகிறோம். ஐந்தாறு வருஷமாக. பேங்க் சார், மெடிக்கல் ஷாப்காரர், கீழ்வீட்டுப் பையன், வாட்ச்மேன் அண்ணன். இதைப் போய் ஒருவரிடம் நிகழ்ச்சி என்று சொல்வதா? சொன்னேன். வரலாமா என்றார்.

நேற்று பெசன்ட் நகரிலிருந்து தாம்பரத்துக்கு டாக்சி பிடித்து, ஒன்பது மணி என்றால் எட்டு ஐம்பத்தெட்டுக்கு வந்து நின்றார். மாமி, நான் குளித்திருந்தேன்.

வாட்ச்மேன் அண்ணன் ராயபுரத்துக்காரர். வடசென்னையில் கேரம் என்றால் விளையாட்டு இல்லை. உலக சாம்பியன் மரிய இருதயம் நம் சென்னைக்காரர்தான். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா ஆட்டோ ஓட்டுநரின் மகள், புதுவண்ணாரப்பேட்டை. அண்ணன் அந்தப் பக்கத்துப் போர்டுகளில் கை பழகியவர். ஜெர்மன்காரர் உட்கார்ந்ததும் ஒன்றும் பேசாமல் போர்டில் பவுடரைத் தட்டி, உள்ளங்கையால் ஒரு வட்டம் தேய்த்து, ஸ்ட்ரைக்கரை அவர் பக்கம் தள்ளினார். இன்ஜினியர் கோணம் பார்த்தார், குனிந்து கண்ணைச் சுருக்கினார், ஒரு முழு நிமிஷம் எடுத்துக்கொண்டார். அடித்தது ரெட்டில் பட்டு, ரெட் நேராகப் பாக்கெட்டில் விழுந்தது. எழுந்து நின்று கையைத் தூக்கிவிட்டார். அண்ணன், 'ஃபாலோ போடணும் சார்' என்றார். ரெட்டைப் போட்ட கையோடு தன் காயின் ஒன்றையும் போட்டால்தான் ரெட் நமக்கு, அதுதான் ஃபாலோ என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவருக்கு முகம் தொங்கிவிட்டது. அடித்தார், காயின் விழவில்லை. ரெட்டைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துத் திரும்ப நடுவில் வைத்தார்கள்.

அப்படி ஏழு போர்டு. ஏழும் தோல்வி. பதினொன்றரைக்கு இரண்டாவது மாடி அம்மா பால்கனியிலிருந்து சத்தம் போட்டார். வழக்கமாக எங்களைத் திட்டுவார், நேற்று வெள்ளைக்காரர் இருந்ததால் இங்கிலீஷில் திட்டினார்.

நைட்_ஷிஃப்ட் தம்பி, சல்சா விஷயத்தையும் சொன்னேன். காது சிவந்தது. முகவரியை எழுதி வாங்கிக்கொண்டார், ஆனால் வெள்ளிக்கிழமை நடக்கிறதா என்று மட்டும் விசாரிக்கச் சொன்னார்.

---

நைட்_ஷிஃப்ட் | அடுத்த ஞாயிறு, இரவு 10.41

ஹா. சரி, கேட்டுச் சொல்கிறேன்.

---

மாம்பலம்_மாமி | அடுத்த ஞாயிறு, இரவு 10.50

ராத்திரி பதினொன்றரை வரைக்கும் ஆடினேளே, அந்தப் பிள்ளைக்குச் சாப்பிட என்ன கொடுத்தேள்?

---

ஒரகடம்_பஸ் | அடுத்த ஞாயிறு, இரவு 11.05

என் மனைவி தோசை சுட்டாள் மாமி. ஆறு.

ஒரு சின்னச் சிக்கல். வருகிற சனிக்கிழமை நான் வேலூரில் இருப்பேன், மாமனார் வீட்டு விசேஷம். அவரிடம் அடுத்த வாரம் ஆட்டத்துக்கு நான் இல்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'நீங்க இல்லேன்னாலும் நான் வரலாமா' என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டேன். அவர் கேட்டை மூடிக்கொண்டே, 'வரட்டும், பவுடர் டப்பா ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லுங்க' என்றார்.